இரண்டு பக்கமும் அப்பாக்கள்

முதல் உலகப் போர்ப் பாடத்தை இந்த வருடம்தான் முதல் முறையாக நடத்தப் போகிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். ஒன்று சொல்லி வைக்கிறேன். கூட்டணிகள், ஆயுதப் போட்டி, தேசிய வெறி, இளவரசர் கொலை என்று காரணங்களைப் போர்டில் எழுதி முடித்துவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். அப்போது ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து நிற்கும். "அதெல்லாம் சரி மிஸ், யாருக்குமே சாக இஷ்டம் இல்லையே, அப்புறம் எதுக்குச் சண்டை போட்டாங்க?" என்று கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பரீட்சையில் மார்க் கிடையாது. மணி அடிக்கவும் நேரமாகியிருக்கும். ஆனாலும் அந்தப் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் பதில் தெரியாது. நான் வேலை பார்த்த பள்ளியின் கேட்டுக்கே ஒரு மதியம் அந்தப் பதில் வந்து நின்றது. முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியிருக்கிறேன். அந்த மதியத்தில் கற்றதை எந்தப் புத்தகத்திலும் கற்கவில்லை.

அந்தப் பள்ளி மல்லேஸ்வரத்துக்குப் பின்னால், ரயில் பாதையைத் தாண்டி இருந்தது. மில் வேலைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், லேத் பட்டறையில் நிற்பவர்கள், ஊதுபத்தி உருட்டும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகள் படித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், பாதிப் பேர் தமிழ். விளையாடும்போது இரண்டும் கலந்து ஒரு பாஷை வரும். அதற்குப் பெயர் கிடையாது. எங்கள் தலைமை ஆசிரியை மைசூர்ப் பக்கத்துக்காரர். பிள்ளைகளும் நாங்களும் அவரைப் பெரிய மிஸ் என்றுதான் சொல்வோம். அதிகம் பேச மாட்டார். அவர் வராந்தாவில் நடந்தால் செருப்புச் சத்தத்துக்கே வகுப்புகள் அடங்கிப் போகும். நான் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். தினமும் இரண்டு பஸ் மாறி அங்கே போவேன்.

தொண்ணூற்றொன்று டிசம்பர். காவிரித் தண்ணீர் உத்தரவு வந்து, ஊர் தமிழர்கள் மேல் கொதித்துக்கொண்டிருந்த வாரம். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். கண்டக்டரிடம் கன்னடத்தில் டிக்கெட் கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்த வாரம் மட்டும் வாயைத் திறக்கும் முன் மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உச்சரிப்பில் ஏதாவது என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். கைப்பையில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பள்ளியில் கபடிக்கு ஆள் பிரிக்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே பாஷை பார்த்துப் பிரிந்து நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று மதியம் பத்தாம் வகுப்பில் இதே பாடம்தான். இரண்டாவது பெஞ்சில் அமுதாவும் ரூபாவும் எப்போதும் போலச் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அமுதாவின் அப்பா செல்வம் லேத் பட்டறையில் வேலை செய்பவர். ஆண்டு விழாவுக்கு வந்து சீரியல் பல்பு கட்டிக்கொடுப்பார். படிக்கட்டில் எதிரே டீச்சர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். ரூபாவின் அப்பா நாகராஜ் ஆட்டோ ஓட்டுபவர். கன்னடக்காரர். மழை நாளில் அமுதாவையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருவார். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்திக்கு ஜுரம் வரும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு நாடு பட்டாளத்தை எல்லைக்கு அனுப்பியது, அதைப் பார்த்து அடுத்த நாடும் அனுப்பியது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி மணி அடித்தது. பீரியட் முடிகிற மணி இல்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.

வராந்தாவுக்கு வந்து பார்த்தேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய மிஸ் ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போனார்: "எல்லாரையும் ஹாலுக்குக் கூட்டிட்டு வாங்க. ஓட விடாதீங்க." பஸ்கள் நின்றுவிட்டன. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் அடித்தால் எடுப்பார் இல்லை. பக்கத்தில் வீடு உள்ள சின்னப் பிள்ளைகளை அம்மாக்கள் வந்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மற்றப் பிள்ளைகளை ஹாலில் தரையில் உட்கார வைத்தோம். பெற்றவர்கள் வராமல் யாரையும் அனுப்பக் கூடாது என்பது பெரிய மிஸ்ஸின் உத்தரவு.

கொஞ்ச நேரத்தில் பள்ளிக்குப் பின்பக்கச் சந்திலிருந்து தமிழ் ஆட்கள் வந்தார்கள். அந்தச் சந்து முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். செல்வம் முன்னால் வந்தார். மற்றவர்களைப் போலவே மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகளை அழைத்துப் போகத்தான் வந்தார்கள். அதற்குள் தெரு மோசமாகிவிட்டது. டயர் எரிகிறது, லாரியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எதை எவர் கண்ணால் பார்த்தார் என்று தெரியாது. வெளியே போகப் பயந்து எல்லோரும் காம்பவுண்டுக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். யாரோ கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

எங்கள் கேட் தகடு அடித்தது. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது, வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. அடியில் மட்டும் ஒரு சாண் இடைவெளி. தெருவில் நடப்பவர்களின் பாதம் மட்டும் அதில் தெரியும்.

ஆட்களின் கையில் இரும்புக் கம்பிகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பட்டறையிலிருந்து எடுத்து வந்திருந்தார்கள். சிலர் மொட்டை மாடிக்குப் போய், கட்டட வேலைக்காக வைத்திருந்த செங்கல்லை உடைத்துக் கைப்பிடிச் சுவரோரம் குவித்தார்கள். உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தக் கம்பிகளைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதே கம்பிகள் எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

பெரிய மிஸ் யோசித்தார். "செல்வம், மாடியில இருக்கறவங்களைக் கீழ வரச் சொல்லுங்க" என்றார். அவருடைய தமிழில் கன்னட இழுவை இருக்கும்.

"நீங்க உள்ள போங்கம்மா. அவனுங்க வந்தா நாங்க பாத்துக்கறோம்" என்றார் செல்வம். நான் அறிந்த செல்வம் யாரையும் 'அவனுங்க' என்று சொன்னதில்லை.

தெருவில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாடுதான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டோம். மாடியில் ஆட்கள் கல்லோடு நிற்பதை யாரோ பார்த்திருக்கிறார்கள். கேட் பூட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். 'தமிழர்கள் பள்ளிக்கூடத்தைப் பிடித்துவிட்டார்கள், நம் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள்' என்று பேச்சு ஓடியிருக்கிறது. பார்த்தவர் பொய் சொல்லவில்லை. பூட்டு இருந்தது, கல் இருந்தது, பிள்ளைகளும் உள்ளே இருந்தார்கள். அந்தப் பேச்சு தெருக்கோடி போய்த் திரும்பி வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது.

எங்களுக்குக் கேட்டது இரைச்சல் மட்டும்தான். முதலில் தூரத்தில், பிறகு முனையில், பிறகு கேட்டிலேயே. அடி இடைவெளியில் பாதங்கள் நிறைந்தன. ஹவாய்ச் செருப்புகள், வெறுங்கால்கள், ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸ் மாதிரி. அது போலீஸ்தானா என்று குனிந்து பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. தகட்டில் அடி விழ ஆரம்பித்தது. ஹாலில் சின்னப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் அழுதார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே ரூபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மிஸ், அது எங்க அப்பா" என்றாள்.

கவனித்துக் கேட்டேன். மொத்த இரைச்சலுக்குள் ஒரு குரல் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கத்திக்கொண்டிருந்தது. "ரூபா! ரூபா எல்லி? நன்ன மகளு எல்லி?" என் மகள் எங்கே என்று ஒரு தகப்பன் கேட்கிறான். அது எங்கள் காதில் அதுவரை 'கொல்லு' என்பது போலத்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஹால் வாசலுக்கு ஓடிப் போய்ச் செல்வத்திடம் சொன்னேன். "வெளிய நிக்கறது நாகராஜ். ரூபாவைத் தேடி வந்திருக்கார்."

அவர் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அப்படின்னா அந்தப் பொண்ண மட்டும் வெளிய அனுப்பாதீங்க மிஸ். அது உள்ள இருக்கற வரைக்கும் இவனுங்க நெருப்பு வெக்க மாட்டானுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார். ஒரு கணம் அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மழை நாளில் தன் மகளை ஏற்றிக்கொண்டு வந்தவரின் மகளைப் பணயமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நல்ல மனிதர் சொல்கிறார். ஒரு டீச்சர் அதைக் கேட்டுத் தலையாட்டப் போகிறாள். திரும்பிப் பார்த்தேன். அமுதா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போய் ரூபாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரத்தில் ஒரு கல் பறந்தது. மாடியிலிருந்து தெருவுக்குப் போனதா, தெருவிலிருந்து மாடிக்கு வந்ததா, இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கமும் மற்றவர்தான் முதலில் எறிந்தார் என்று சத்தியம் செய்கிறார்கள். அடுத்த நிமிடம் கல் மழை. ஜன்னல் கண்ணாடி நொறுங்கி ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் நெற்றியில் ரத்தம். கேட்டின் மேல் கீல் ஒன்று பிய்ந்து தொங்கியது.

பெரிய மிஸ் செல்வத்தின் முன்னால் போய் நின்றார். "கேட்டைத் திறக்கணும்" என்றார்.

"பைத்தியமாம்மா உங்களுக்கு?"

"அவங்க பிள்ளைங்களுக்காக வந்திருக்காங்க. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்க. பூட்டு இருக்கற வரைக்கும் அது அவங்களுக்குத் தெரியாது."

"நாங்க கம்பியக் கீழ போட்டா அவனுங்க போடுவானுங்களா? சொல்லுங்க."

வகுப்பில் நான் நடத்திய எந்த உடன்படிக்கையை எடுத்தாலும், அதன் அடியில் இந்தக் கேள்விதான் இருக்கிறது. ராஜாக்களும் மந்திரிகளும் இதே கேள்வியை வேறு சட்டை போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மிஸ் பொய் சொல்லவில்லை.

"கொத்தில்லப்பா. தெரியாது" என்றார். "ஆனா கேட் உடைஞ்சா என்ன ஆகும்னு தெரியும். நீங்க பத்து பேரைத் தடுப்பீங்க. பதினோராவது ஆள் ஹாலுக்குள்ள வருவான். அங்க உங்க பொண்ணும் இருக்கா, அவர் பொண்ணும் இருக்கா."

செல்வம் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னாள். மாடியிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கம்பிகளை விளையாட்டுச் சாமான் அறையில் போடச் சொல்லிப் பூட்டி, சாவியைப் பெரிய மிஸ் இடுப்பில் செருகிக்கொண்டார். ஆட்கள் ஹாலுக்குள் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். வெறுங்கையோடு உட்காரும்போது அவர்கள் முகத்தில் தெரிந்த பயத்தை அதற்கு முன் நான் எந்தப் பெரிய மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை.

ரூபாவைக் கேட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டலாமா என்று கேட்டேன். பெரிய மிஸ் என்னை முறைத்தார். "கல் விழற எடத்துக்கா? பிள்ளையைக் கேடயமாக்கற வேலையை நாம செய்யறதில்ல. மணியை அடி."

மணியை எடுத்து அடித்தேன். கை வலிக்க வலிக்க அடித்தேன். தினமும் அந்த மணியைக் கேட்டுப் பழகிய தெரு அது. பலர் அங்கேயே படித்தவர்கள். இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பெரிய மிஸ் கேட்டில் இருந்த சின்னக் கதவை ஒரு முழம் திறந்து, கன்னடத்தில் கூப்பிட்டார். "ரூபா அப்பா, நான்தான் பேசறேன். உங்க பொண்ணு நல்லா இருக்கா. கையில இருக்கறதைப் போட்டுட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க. கண்ணால பாருங்க."

நாகராஜ் முன்னால் வந்தார். கையில் ஜாக்கி லிவர், வண்டியைத் தூக்கும் இரும்புக் கம்பி. அவர் கண்ணை என்னால் அடையாளம் காண முடியவில்லை. "நான் உள்ள வந்ததும் கதவைச் சாத்திட்டா?" என்றார். செல்வம் கேட்ட அதே கேள்வி, கேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து.

பெரிய மிஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். 'நீங்கள் வரும் வரை நான் வெளியே நிற்கிறேன்' என்று என் வாய் சொன்னது எனக்கே கேட்டது. நாகராஜ் லிவரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வெளியே வந்தேன். கதவு எனக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

முனையில் எரிந்த டயரின் நாற்றம் மூக்கை அடைத்தது. வியர்வை, புகை, மூச்சு. எனக்கு மிக அருகில் சைக்கிள் செயினைக் கையில் சுற்றிய ஒரு ஆள். இருபது வயதுதான் இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்து, "நீவு தமிளரா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் கன்னடம் சுத்தமானது. என் பெயர் கிறிஸ்தவப் பெயர். எந்த ஊரையும் காட்டாது. அந்த 'இல்லை' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் உள்ளே நாகராஜ் ஒரு வார்த்தையை நம்பிப் போயிருந்தார். கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். என் பொய் வெளிப்பட்டால், நாங்கள் சொன்ன எல்லாமே பொய் ஆகிவிடும். இது வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். "ஹௌது" என்றேன். ஆமாம்.

யாரோ பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பை இழுத்தார்கள். "ஹொடீரி" என்று ஒரு குரல், அடியுங்கள் என்று. கேட்டின் தகட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். அப்போது ஒரு சன்னமான சத்தம் கேட்டது. செயினின் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். அந்தப் பையனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி உள்ள இருக்கா. அஞ்சாம் க்ளாஸ்" என்றான் கன்னடத்தில்.

"அஞ்சாம் க்ளாஸ் பிள்ளைங்க ஹால்ல மேடைக்குப் பக்கத்துல இருக்காங்க. பிஸ்கட் கொடுத்தோம், சாப்பிட்டாங்க" என்றேன்.

அவன் எனக்கும் பின்னாலிருந்த ஆட்களுக்கும் நடுவில் ஒரு அடி நகர்ந்து நின்றான். வேண்டுமென்றே நின்றானா, கூட்டம் தள்ளியதா, தெரியாது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியாது. சின்னக் கதவு திறந்தது. நாகராஜ் ரூபாவின் தோளை அணைத்தபடி வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்து, குரல் உடைய, "மக்களெல்லாம் சென்னாகித்தாரே!" என்று கத்தினார். பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அதைக் கேட்டதும் கூட்டத்தின் முன் வரிசை சட்டென்று வேறு மாதிரி ஆனது. ஆளாளுக்குப் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொல்லத் தொடங்கினார்கள். கையிலிருந்ததைச் சுவரோரம் போட்டுவிட்டு இரண்டு மூன்று பேராக உள்ளே போய்ப் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். கொஞ்சம் முன்பு கேட்டை உடைத்த ஆள் ஒருவர் பெரிய மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேயே கதையை முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் சரித்திரம் நடத்துகிறவர்கள் வசதியான இடத்தில் நிறுத்தக் கூடாது.

கூட்டத்தின் பின்வரிசையில் சிலர் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. அவர்கள் பயந்து வந்தவர்கள் இல்லை. மற்றவர்கள் பயப்படும் நாளுக்காகக் காத்திருந்தவர்கள். பள்ளியில் வேலை இல்லை என்றானதும் பின்பக்கச் சந்துக்குத் திரும்பினார்கள். சந்தில் தடுக்க ஒருவரும் இல்லை. எல்லோரும் எங்கள் ஹாலில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

புகையை முதலில் பார்த்தவர் செல்வம். ஹால் ஜன்னலிலிருந்து அவர் வீட்டுக் கூரை தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெரிய மிஸ்ஸிடம் வந்து கையை நீட்டினார். "சாவி குடுங்கம்மா."

"இல்லப்பா."

"என் வீடும்மா அது. சாவியக் குடுங்க."

"உங்க வீட்டம்மா இங்க இருக்காங்க. பிள்ளைங்க இங்க இருக்கு. அங்க இருக்கறது சாமான்."

"நீங்க சொன்னீங்கன்னுதான் கம்பியப் போட்டேன்" என்றார் செல்வம். குரலை உயர்த்தவே இல்லை. சுவரோரம் உட்கார்ந்து பின்மண்டையைச் சுவரில் மெதுவாக இடித்துக்கொண்டே இருந்தார். பெரிய மிஸ்ஸின் கை இடுப்புச் சாவியை விட்டு நகரவில்லை. ஆனால் அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவர் செய்தது சரியா என்று அவரிடமே கேட்டிருக்கிறேன், சில வருடங்கள் கழித்து. "எல்லாப் பிள்ளைங்களும் வீட்டுக்குப் போச்சு. சில பிள்ளைங்களுக்குப் போக வீடு இல்ல. ரெண்டும் நான் செஞ்சதுதான்" என்றார். இந்த வேலையில் நெருக்கடி வந்தால் உங்களுக்கும் இப்படிப்பட்ட முடிவுதான் கிடைக்கும். முழுக்கச் சரியானது எதுவும் அந்த நேரத்தில் கைக்கு வராது. எதை இழந்தால் திரும்ப வராது என்று மட்டும் பாருங்கள். அதைக் காப்பாற்றுங்கள். மற்றதற்காகக் கூசாமல் பழியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பொழுது சாயும்போது போலீஸ் லாரி வந்தது. சந்துக் குடும்பங்கள் அதில் ஏறின. செல்வம் குடும்பத்தோடு திருப்பத்தூருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அமுதா திரும்பி வரவே இல்லை. ஜனவரியில் ரூபா அந்த இரண்டாவது பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். பக்கத்தில் தன் பையை வைத்து, வேறு யாரும் உட்காராதபடி பார்த்துக்கொண்டாள். பெரிய போர்களுக்குப் பிறகு வரைபடத்தில் எல்லைக் கோடுகள் மாறும், பேரரசுகள் காணாமல் போகும், தோற்றவனை மிதித்து எழுதிய உடன்படிக்கை அடுத்த போருக்கு விதை போடும். இவற்றையெல்லாம் நடத்துங்கள், நடத்தத்தான் வேண்டும். கூடவே, ஒரு வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதும் மாறும் என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பைப் பிரிகேட் ரோடு முனையில் இருக்கும் போர் நினைவுத் தூணுக்கு அழைத்துப் போவேன். நம் பக்கத்து ஆட்கள் எந்தெந்த ஊரில் போய்ச் செத்தார்கள் என்று பிள்ளைகள் கல்லில் வாசிப்பார்கள். "இவங்களுக்கு அங்க யார் மேல கோபம் மிஸ்?" என்று கேட்பார்கள். யார் மேலும் இல்லை என்பேன். தொண்ணூற்றொன்பதில் வடக்கு எல்லையில் மலை மேல் சண்டை நடந்தபோது, டிவியில் பார்த்ததைச் சொல்லி வகுப்பே மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்தது. நான் அதட்டவில்லை. வெறுமனே, "உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டேன். மெல்ல மெல்லச் சத்தம் அடங்கி, ஒரு பெண் கையைத் தூக்கினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு பெரிய பையன்களும். பாடத்தை அந்தக் கைகளிலிருந்துதான் தொடங்கினேன்.

பயம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பின்வரிசையை மறக்கக் கூடாது. மண்ணுக்கும் பதவிக்கும் ஆசைப்பட்டுப் போரை விரும்புகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் கொஞ்சம் பேர்தான். முன்வரிசையில் பயந்துபோன அப்பாக்கள் இல்லாவிட்டால் அவர்களால் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது.

சில வருடங்கள் கழித்து, மழை கொட்டிய ஒரு மாலை, மெஜஸ்டிக் போவதற்கு ஒரு ஆட்டோவை நிறுத்தினேன். ஓட்டியவர் நாகராஜ். தலை நரைத்திருந்தது. ஆட்டோக்காரர்களுக்கு இந்த ஊரில் நாலு பாஷை வரும். அவர் என்னிடம் தமிழிலேயே பேசினார். ரூபா வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலையில் இருப்பதாகச் சொன்னார். அமுதாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஒரு சிக்னலில் நின்றபோது, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"மிஸ், நான் எப்பவும் ஒரு கேன்ல பெட்ரோல் வெச்சிருப்பேன். சீட்டுக்கு அடியில, துணி சுத்தி. அது அங்க இருக்கறது வேற யாருக்கும் தெரியாது."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்க முன்னால் குனிந்தேன்.

"அன்னிக்கு ரூபாவக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தேன் இல்ல, அப்ப பாத்தேன். அந்தக் கேன் கேட்டு ஓரமா தரையில இருந்துச்சு. மூடி தெறந்து இருந்துச்சு."

வைப்பர் இடமும் வலமும் போய்க்கொண்டிருந்தது.

"நான் எடுத்தது எனக்கு நெனவே இல்ல மிஸ். எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன். உள்ள என் பொண்ணு இருந்தா."

சிக்னல் பச்சை ஆனது. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவர் வண்டியை எடுக்கவில்லை. ஹேண்டில்பாரில் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.